நீட்டாத கால்

ஏப்ரல் பிறந்துவிட்டால் டூகல் ரென்னி நாட்காட்டியைப் பார்ப்பதையே தவிர்ப்பான். பூமியின் தென்கோடியில் இருக்கிற அந்த ஊரில் ஏப்ரல் இலையுதிர்காலம்; மற்றவர்களுக்கு அதுதான் நல்ல மாதம். ஆற்றோரத்து வில்லோ மரங்கள் மஞ்சளாகிக் கொட்டும். மேட்டு மேய்ச்சலிலிருந்து செம்மறிகள் மந்தை மந்தையாகக் கீழே இறங்கும். காலையில் எழுந்து பார்த்தால் வேலிக்கம்பி முதல் புல்நுனி வரை உப்பைத் தூவியதுபோல் உறைபனி வெளுத்துக் கிடக்கும். போரில் இறந்தவர்களை நினைக்கிற ஆன்ஸாக் நாள் முடிந்து வருகிற சனிக்கிழமை, காஃப்பர்ன் ஊர் மோட்டார் சைக்கிள் சங்கத்தார் இருபது முப்பது பேர் கம்பளி பனியன்மேல் பனியன் போட்டு, குளிர்காற்றைத் தடுக்க நெஞ்சுக்குக் குறுக்கே செய்தித்தாளைச் செருகிக்கொண்டு, கெட்டில் கணவாயைத் தாண்டி மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற மதுக்கடையில் பூசணி சூப்பு குடித்துவிட்டுத் திரும்புவார்கள். வெயிலில் யார் வேண்டுமானாலும் ஓட்டலாம், விரல் மரத்துப்போகிற குளிரில் ஓட்டுவதுதான் ஓட்டம் என்பது அவர்கள் கட்சி.

முப்பது வருடம் அந்த ஓட்டத்துக்கு முன்னால் போனவன் டூகல்.

அவனுடைய அப்பா ரயில் தண்டவாளம் பழுது பார்க்கும் கூட்டத்துக்குத் தலைவராக இருந்தவர். ரயில் நின்றுபோனபோது வேலையும் போய்விட்டது. ஆனால் அதற்குள் டூகல் பெரிய தெருவின் முனையில் சொந்தமாக ஒரு மெக்கானிக் கடை வைத்துவிட்டான். புல்வெட்டும் எந்திரத்திலிருந்து டிராக்டர் வரை எது வந்தாலும் பார்ப்பான். குறைவாகப் பேசுவான். பேசாமல் இருப்பதாலேயே ஆழமான ஆள் என்று பெயர். அவனுடைய பெரிய பெயர் அதற்கும் முன்பே, பத்தொன்பது வயதில் வந்தது. ஒரு மே மாதம் கணவாயில் மண் சரிந்து கார் போக முடியாமல், மலைக்கு அந்தப் பக்கத்துப் பண்ணையில் ஒரு பெண் பிரசவ வலியில் துடித்துக்கொண்டிருந்தாள். மாவட்ட நர்ஸம்மாவைத் தன் பைக்கின் பின்சீட்டில் உட்காரவைத்து, உறைபனிமேல் ஓட்டிக்கொண்டுபோய்ச் சேர்த்தான். குழந்தை நல்லபடி பிறந்தது. நர்ஸம்மா திரும்பி வந்து, "அந்தப் பையனுக்குப் பனி வழுக்காதுடியம்மா" என்று தபாலாபீஸில் சொன்னாள். அந்த வாக்கியம் ஊரோடு ஒட்டிக்கொண்டது. அதற்குப் பிறகு அவன் எங்கே போனாலும் அந்த வாக்கியம் அவனுக்கு முன்னால் போய்க் காத்திருந்தது.

பயம் என்றால் என்னவென்று டூகலுக்கு ஐம்பத்திரண்டு வயது வரை தெரியாது. தெரிந்தது ஒரே ஒரு நொடியில்.

அன்றைக்கும் அதே சனிக்கிழமை ஓட்டம்தான். டூகல் முதலில். அவனுக்குப் பின்னால் எப்போதும்போல லீத் மில்ன். பள்ளிக்கூட நாளிலிருந்து கூட்டாளி, செம்மறிப் பண்ணைக்காரன். மற்றவர்கள் ஒரு கிலோமீட்டர் தள்ளி வந்துகொண்டிருந்தார்கள். கணவாயின் உச்சிக்குக் கொஞ்சம் கீழே, நாள் முழுக்க வெயில் படாத ஒரு வளைவு. தாரின் நிறத்திலேயே உறைந்து கிடந்தது பனி. கண்ணுக்குத் தெரியவில்லை. டூகலின் பின்சக்கரம் ஒரு சாண் நகர்ந்தது, இரண்டு சாண் நகர்ந்தது, பிறகு எப்படியோ பிடித்துக்கொண்டது.

முன்னால் போகிறவன் இப்படி எதையாவது கண்டால் காலை வெளியே நீட்ட வேண்டும். பின்னால் வருகிறவன் அதைப் பார்த்து வேகத்தைக் குறைப்பான். முப்பது வருடத்தில் எத்தனையோ தடவை நீட்டிய கால்தான். அன்றைக்கு நீட்ட வரவில்லை. கால் மிதிகட்டையோடு ஒட்டிக்கொண்டது. உடம்பு முழுக்கத் தன்னை மட்டும் காப்பாற்றிக்கொண்டிருந்தது. கண்ணாடியில் லீத்தின் விளக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்தது தெரிந்தது. பிறகு விளக்கு இல்லை.

பள்ளத்தில் இறங்கிப் பார்த்தபோது லீத்துக்கு உயிர் இல்லை.

கான்ஸ்டபிள் வந்து, குளிரில் பேனா எழுதாமல் வாயால் ஊதி ஊதி, "சைகை காட்டினியா டூகல்?" என்று கேட்டார். அதைக்கூடக் கேள்வி மாதிரி கேட்கவில்லை. பதில் தெரிந்தவர் எழுதுவதற்கு முன் தலையைத் தூக்கிப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"காட்டினேன்" என்றான் டூகல்.

அவ்வளவுதான். யோசித்துச் சொன்னதல்ல. வாயில் வந்தது.

அதற்குப் பிறகு அந்த ஒரு சொல் தானாகவே வளர்ந்தது. விசாரணையில் அதையே எழுதிக் காட்டிக் கையெழுத்து வாங்கினார்கள். அடக்கத்தன்று தேவாலய வாசலில், "பாவம், டூகல் காலை நீட்டியிருக்கான், லீத் கவனிக்கல" என்றார்கள். ஆறு மாதத்தில், "லீத் எப்பவுமே கனாக் காணுற பயதானே" என்று ஆயிற்று. சங்கம் அந்த ஓட்டத்துக்கு லீத்தின் பெயரையே வைத்தது. மறுவருடம் புதிதாக ஓட்டக் கற்றுக்கொள்கிறவர்களுக்காக ஊர்மன்றத்தில் ஒரு பாதுகாப்புக் கூட்டம் போட்டார்கள். சைகைகளைக் கற்றுக்கொடுக்க டூகலைக் கூப்பிட்டார்கள். மறுக்கக் காரணம் அகப்படவில்லை. மேடையில் ஒரு மர நாற்காலியைத் திருப்பிப்போட்டுக் குதிரைபோல உட்கார்ந்து, "வழுக்கும்னு தெரிஞ்சா இப்படிக் காலை நீட்டணும்" என்று நாற்பது பேருக்கு முன்னால் காலை நீட்டிக் காட்டினான். கைதட்டினார்கள். வீட்டுக்கு வந்து கழிப்பறைக்குள் போய் வாந்தி எடுத்தான்.

விபத்து நாளுக்குப் பிறகு அவன் பைக்கில் உட்காரவில்லை. கடைக்கு நடந்தே போனான். வாடிக்கையாளர் வண்டியைச் சோதித்துப் பார்க்கவேண்டி வந்தால் முற்றத்தைச் சுற்றி ஒரு சுற்று, அதோடு சரி. முதல் வருட ஓட்டத்துக்கு கிளட்ச் போய்விட்டது என்றான். இரண்டாம் வருடம் சளிக்காய்ச்சல் என்று மூன்று நாள் படுத்துக் கிடந்தான். மனைவி கோலீன் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

மூன்றாம் வருடம் ஏப்ரல் பத்தாம் தேதியே கோர்டி கடைக்கு வந்துவிட்டான். ஆடு வாங்கி விற்கிற தரகன். சந்தையில் கத்திக் கத்தி, சாதாரணமாகப் பேசினாலும் மூன்று வீட்டுக்குக் கேட்கும்.

"என்னடா மாப்ள, இந்த வருஷம் எந்தப் பார்ட்டு கெட்டுப்போச்சு? வண்டியிலயா, உன்கிட்டயா?"

"ஒண்ணும் கெடல."

"அப்போ வர்ற. நீ இல்லாம போன வருஷம் நான்தான் முன்னாடி போனேன். எல்லாப் பயலும், டூகலா இருந்தா இப்படிப் போவான், டூகலா இருந்தா அப்படித் திருப்புவான்னு என் உசுர வாங்கிட்டானுங்க. செத்தவனுக்கு மரியாதை செய்யற ஓட்டம்டா. அவனோட கூட்டாளி நீயே வரலன்னா நல்லாவா இருக்கு?"

"பாக்கலாம்" என்று டூகல் டிராக்டருக்கு அடியில் புகுந்துகொண்டான். கோர்டியின் பூட்ஸ் கால்கள் போகிற வரைக்கும் வெளியே வரவில்லை.

அதற்கு அடுத்த வாரக் கடைசியில் ரேவின் வந்தாள். லீத்தின் மனைவி. குள்ளமான, கெட்டியான பெண். நாலாயிரம் ஆட்டையும் மூன்று நாய்களையும் இந்த மூன்று வருடமாகத் தனியாகப் பார்த்துக்கொள்கிறாள். கடை வாசலில் பூட்ஸைத் தட்டிவிட்டு உள்ளே வந்து, கையில் இருந்த சீஸ் ரோல் டப்பாவை வேலை மேசைமேல் வைத்தாள். எப்போது வந்தாலும் ஏதாவது கொண்டுவருவாள். அவள் கொண்டுவருகிற எதையும் டூகலால் விழுங்க முடிந்ததில்லை.

"சனிக்கிழமை நான் உன் பின்னாடி உக்காந்து வர்றேன்" என்றாள்.

டூகல் துணியில் கையைத் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான்.

"குளிரு ரொம்ப இருக்கும் ரேவின்."

"ஆட்டுக் கொட்டகையில பொறந்தவகிட்ட குளிரப் பத்திச் சொல்றியா? அவன் விழுந்த எடத்த நான் பாத்ததில்ல டூகல். கார்ல ரெண்டு தடவை போயிப் பாத்தேன், ஒண்ணும் புரியல. வண்டியில போனாத்தான் அவன் என்ன பாத்தான்னு தெரியும். உன்னத் தவிர வேற யார் பின்னாடியும் உக்கார எனக்குத் தைரியம் இல்ல."

"வண்டி... ரொம்ப நாளா எடுக்கல."

"அதான் இன்னும் ஒரு வாரம் இருக்கே."

அவள் போன பிறகு கடையின் பின்கதவைத் திறந்துகொண்டு நின்றான். எதிரே சமவெளி. அதைச் சுற்றி எந்தப் பக்கம் திரும்பினாலும் மலை. உச்சிகளில் புதுப்பனி விழுந்திருந்தது. அந்தச் சமவெளியை விட்டு எங்கே போவதானாலும் ஏதாவது ஒரு மலையை ஏறித்தான் தீர வேண்டும். இத்தனை வருடம் அதை ஒரு குறையாக அவன் நினைத்ததே இல்லை.

வெள்ளிக்கிழமை சாப்பாட்டு மேசையில் கோலீன் சொன்னாள்: "போகப் புடிக்கலன்னா முடியாதுன்னு சொல்லிடு. யாரு உன்னக் கட்டிப்போட்டிருக்கா?"

"புடிக்கலன்னு யாரு சொன்னா?"

"உன் தட்டு சொல்லுது. அரைமணி நேரமா ஒரே உருளைக்கிழங்கக் குத்திக்கிட்டு இருக்க."

சொல்லிவிடலாம் என்று அவனுக்குத் தோன்றியது. வாயைக்கூடத் திறந்தான். சொன்னால் கோலீன் கேட்கப்போகிற முதல் கேள்வி தெரியும்: ஏன் இவ்வளவு நாள் சொல்லல? உருளைக்கிழங்கை வாயில் போட்டுக்கொண்டான்.

சனிக்கிழமை காலை பூஜ்ஜியத்துக்கு இரண்டு டிகிரி கீழே. பெரிய தெருவில் இருபத்தாறு பைக்குகள் புகைவிட்டுக்கொண்டு நின்றன. டூகல் கையில் முதலில் பாத்திரம் கழுவுகிற ரப்பர் உறை, அதற்கு மேல் தோல் உறை போட்டிருந்தான். ஆயிரத்து நூறு சிசி வண்டி. ரேவின் ஏறி உட்கார்ந்து அவன் இடுப்பைப் பிடித்தபோது வண்டி லேசாக அமுங்கியது. லீத்தின் பழைய தோல் மேல்சட்டையை அவள் போட்டிருந்தாள். கைகள் நீளமாக இருந்ததால் மடித்துவிட்டிருந்தாள்.

"தலைவர் கிளம்பலாம்!" என்று கோர்டி கத்தினான். எல்லாரும் ஹாரன் அடித்தார்கள்.

சமவெளியின் நேர்ரோட்டில் பதினைந்து கிலோமீட்டர் ஒன்றும் தெரியவில்லை. குளிர் முழங்காலில் தொடங்கி மேலே ஏறியது. முகக்கண்ணாடி மூச்சில் மூடி மூடித் திறந்தது. இரண்டு பக்கமும் பாப்லார் மரங்கள் நெருப்பு நட்டுவைத்ததுபோல் மஞ்சளாக நின்றன. முதல் ஏற்றம் வந்ததும் கையில் ஏதோ ஆயிற்று. விரல்கள் கைப்பிடியை விடவில்லை. குளிரா, பயமா என்று அவனுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. ஐம்பதுக்கு வந்தான், நாற்பதுக்கு வந்தான். முதல் நிழல் வளைவில் இருபது. பின்னால் இருபத்தைந்து வண்டிகள் ஒன்றோடொன்று முட்டாத குறையாக நெருங்கிவிட்டன. தலைவனை முந்தக் கூடாது என்பது சங்கத்தின் சட்டம். ஒருவன் ஹாரன் அடித்தான்.

டூகல் ஓரம் ஒதுங்கி நின்று, கையால் போங்கள் என்று காட்டினான். கோர்டி பக்கத்தில் வந்து முகக்கண்ணாடியைத் தூக்கினான்.

"என்னடா ஆச்சு?"

"நீங்க போங்க. ரேவினுக்கு... எடத்தக் காட்டணும். நிதானமா வர்றோம்."

கோர்டியின் முகம் உடனே மாறியது. தலையைக் குனிந்து, "அதுவும் சரிதான்" என்றான். எல்லாரும் சத்தத்தைக் குறைத்துக்கொண்டு, சவ ஊர்வலம்போல அவர்களைக் கடந்து போனார்கள். இன்னொரு பொய் இவ்வளவு சுலபமாகப் போய் உட்கார்ந்ததில் டூகலுக்கு உடம்பு கூசியது.

அந்த வளைவுக்கு அறுபது மீட்டர் முன்னால் வண்டியை நிறுத்தினான். அதற்கு மேல் ஒரு அடி அவனால் நகர்த்த முடியவில்லை. வலதுகை பிரேக்கைப் பிடித்தது பிடித்தபடி இருந்தது. திரும்பி இறங்கலாம் என்றால் பின்னாலும் இரண்டு நிழல் வளைவுகள் இருந்தன.

"இதுவா?" என்றாள் ரேவின்.

"அந்த வளைவு."

அவள் இறங்கி நடந்து போனாள். வளைவின் ஓரத்தில் நின்று பள்ளத்தை எட்டிப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். பூட்ஸ் நுனியால் ரோட்டைத் தேய்த்துப் பார்த்தாள், கொஞ்சம் வழுக்கியது. திரும்பி வந்து, வெதுவெதுப்பாக இருந்த எஞ்சின் பக்கத்தில் கையை வைத்துக்கொண்டு பேசினாள்.

"நேரா இருக்கு ரோடு. அறுபது மீட்டர் நேரா இருக்கு. நீ காலை நீட்டினா குருடனுக்குக்கூடத் தெரியும். இவன் எங்க பாத்துக்கிட்டு இருந்தான்?"

டூகல் முகக்கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டான்.

"மூணு வருஷமா அவனத் திட்டிக்கிட்டு இருக்கேன், டூகல். ஊருக்கு முன்னாடி அழுதேன். கல்லறைக்குப் போனா, ஏண்டா பாக்கல, ஒரு நொடி பாத்திருக்கக் கூடாதான்னு திட்டிட்டுத்தான் வர்றேன். எம்பையன் டுனெடின்லேருந்து போன் பண்ணி பைக் வாங்கப் போறேங்கறான். உங்கப்பன மாதிரி கவனமில்லாத பயதானே நீயும்னு சொல்லிட்டேன். போன வச்சிட்டான். ஆறு மாசமாப் பேசல." மூக்கைத் துடைத்தாள். "உன்னப் பத்தியும் நெனைப்பேன். நீ செய்ய வேண்டியதச் செஞ்சும் அவனக் காப்பாத்த முடியலியேன்னு எவ்வளவு வேதனப்படுவியோன்னு."

"நான் நீட்டல" என்றான் டூகல்.

"என்ன?"

முகக்கண்ணாடியைத் தூக்கினான். உதடு மரத்துப்போயிருந்தது. "காலை நீட்டல. எனக்கு வழுக்கிச்சு. பயந்துட்டேன். கால் வரல. கேட்டாங்க, நீட்டினேன்னு சொல்லிட்டேன். அவன் கவனமாத்தான் இருந்தான். பாக்கறதுக்கு அங்க ஒண்ணும் இல்ல."

ரேவின் எஞ்சினிலிருந்து கையை எடுத்தாள். எங்கோ கீழே ஒரு ஆடு கத்தியது. பிறகு கையை ஓங்கி, அவன் ஹெல்மெட்டின்மேல் பட்டென்று அறைந்தாள். வலிக்கவில்லை. சத்தம் மட்டும் மண்டைக்குள் சுற்றிச் சுற்றி வந்தது. இன்னொரு அறை. மூன்றாவதுக்கு ஓங்கியவள் கையை இறக்கிக்கொண்டு ரோட்டோரத்துக்குப் போய் முதுகைக் காட்டி நின்றாள். தோள் குலுங்கியது. டூகல் வண்டியில் உட்கார்ந்தபடியே இருந்தான். போய் ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது. கையை பிரேக்கிலிருந்து எடுக்க முடியவில்லை.

திரும்பி வந்தபோது அவள் முகம் ஆட்டுச் சந்தையில் விலை பேசுகிறவள் முகம்போல் இறுகியிருந்தது.

"வண்டிய எடு."

"முடியல."

"முடியலன்னா?"

"கை வரல ரேவின். முன்னாடியும் போக முடியல, பின்னாடியும் போக முடியல. அன்னைலேருந்து நான் வண்டியே ஓட்டல."

அவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். "எறங்கு" என்றாள். அவனுடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரேக்கிலிருந்து பிரித்து எடுத்ததும் அவள்தான். "பின்னாடி உக்காரு."

பண்ணையில் ஆடு மறிக்கிற சின்ன வண்டியைத்தான் அவள் ஓட்டியிருக்கிறாள். இந்த வண்டியில் உட்கார்ந்தால் ஒரு கால்தான் தரையில் பட்டது. இரண்டாம் கியரில் போட்டவள் மதுக்கடை வரும் வரை மாற்றவே இல்லை. எஞ்சின் கத்தியது. வளைவை நெருங்கியதும் டூகல், "எடது ஓரமா, நடுவுல போகாத" என்றான்.

"வாயை மூடு" என்றாள் ரேவின். ஆனால் இடது ஓரமாகவே போனாள்.

இருபத்திரண்டு கிலோமீட்டருக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று. தன் கூட்டாளியின் மேல்சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான் டூகல். சாவதற்கு அது போதுமான நேரம் என்று நினைத்தான். சாகவில்லை. குளிர்ந்ததுதான் மிச்சம்.

மதுக்கடை வாசலில் சூப்புக் கிண்ணங்களோடு நின்றிருந்தவர்கள் வண்டிச் சத்தம் கேட்டுத் திரும்பினார்கள். முதலில் பார்த்தது கோர்டி.

"டேய், இங்க பாருங்கடா! பனி வழுக்காத மகராசன் பின்சீட்டுல வர்றான்! ரேவின், இவன எங்கம்மா புடிச்ச? ரோட்டோரம் கெடந்தானா?"

வாசல் முழுக்கச் சிரிப்பு. ஒருவன் தொப்பியைக் கழற்றி டூகலுக்கு வணக்கம் வைத்தான். ரேவின் ஹெல்மெட்டைக் கழற்றினாள். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு முன்வரிசையிலிருந்து ஒவ்வொன்றாக அடங்கியது.

"சொல்லு" என்றாள் அவள்.

டூகல் கீழே இறங்கி நின்றான். எல்லாரையும் ஐம்பது வருடமாகத் தெரியும். இருபத்தைந்து பேரில் பாதிப்பேர் லீத்தின் பெட்டியைத் தோளில் சுமந்தவர்கள்.

"அன்னைக்கு நான் காலை நீட்டல" என்றான். "நீட்டினேன்னு சொன்னது பொய். லீத் மேல தப்பு இல்ல."

யாரோ கிண்ணத்தை ஜன்னல் விளிம்பில் வைக்கிற சத்தம் கேட்டது.

"ஏண்டா அப்படிச் சொன்ன?" என்று கேட்டான் கோர்டி. அவனிடமிருந்து இவ்வளவு மெல்லிய குரல் வரும் என்று அன்றுதான் தெரிந்தது.

"கேட்டாங்க. வாயில வந்துருச்சு. அப்புறம் திரும்ப எடுக்கத் தெரியல."

"மூணு வருஷமா அந்தப் பயல நான் கனாக்காரன் கனாக்காரன்னு சொல்லிக்கிட்டுத் திரியறேன்டா. அவன் பொண்டாட்டி முன்னாடி சொல்லியிருக்கேன். நீ பக்கத்துல உக்காந்து பீர் குடிச்சிக்கிட்டு இருந்த."

"ஆமா."

கோர்டி அடிப்பான் என்று டூகல் எதிர்பார்த்தான். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கோர்டி உள்ளே போய்விட்டான். அவன் பின்னால் ஒருவர், பிறகு இன்னொருவர் என்று எல்லாரும் போனார்கள். ரேவின் உள்ளே உட்கார்ந்து ஒரு கிண்ணம் சூப்பை ரொட்டியோடு கடைசிச் சொட்டு வரை சாப்பிட்டாள். பிறகு கடையின் போனை வாங்கி மகனைக் கூப்பிட்டாள். ஜன்னல் வழியாக அவள் வாய் அசைவது டூகலுக்குத் தெரிந்தது. என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்தது.

அவனையும் வண்டியையும் மளிகை வேன்காரர் ஒருவர் ஏற்றி, நெடுஞ்சாலை வழியாகச் சுற்றி ஊருக்குக் கொண்டுவந்து விட்டார். அன்று சாயங்காலமே கோலீனிடம் சொன்னான். அவள் கேட்டது அவன் நினைத்த கேள்வியைத்தான்.

"பக்கத்துல படுத்துக்கிட்டு மூணு வருஷம்! காய்ச்சல்னு படுத்தியே, அன்னைக்கே உடம்பு சுடலன்னு எனக்குத் தெரியும். நானும் நீயாச் சொல்லுவ, நீயாச் சொல்லுவன்னு பாத்துக்கிட்டு இருந்தேன். அவ்வளவு நம்பிக்கைதானா எம்மேல?"

மறுநாள் டிமாருவில் இருக்கிற தங்கை வீட்டுக்குப் போனவள், ஐந்து வாரம் கழித்துத்தான் வந்தாள்.

போலீஸ் நிலையத்துக்குத் தானாகப் போனான். பழைய கான்ஸ்டபிள் மாற்றலாகிவிட்டிருந்தார். புதிதாக வந்திருந்த இளம் பெண் இரண்டு பக்கம் எழுதிக் கையெழுத்து வாங்கி மேலே அனுப்பினாள். எச்சரிக்கையோடு விட்டுவிடுவதாக மூன்று மாதம் கழித்து ஒரு கடிதம் வந்தது. ஜெயிலுக்கே அனுப்பியிருந்தால் ஒரு தேதியில் வெளியே வந்திருக்கலாம் என்று டூகல் நினைத்தான்.

ஊர் ஒன்றும் கல்லெடுத்து எறியவில்லை. வேறு மெக்கானிக் ஐம்பது கிலோமீட்டர் தள்ளி இருந்தான். டிராக்டரும் புல்வெட்டும் எந்திரமும் வழக்கம்போல வந்தன. கொண்டுவந்தவர்கள் முன்பெல்லாம் டீக்குக் கெட்டிலைப் போடச் சொல்லி உட்காருவார்கள். இப்போது வேலையைச் சொல்லிவிட்டுக் காரிலேயே போய்க் காத்திருந்தார்கள். பனி வழுக்காது என்ற பேச்சை யாரும் எடுப்பதில்லை. சங்கத்தின் சுவரில் மாட்டியிருந்த படங்களில் டூகல் இருந்த படம் ஒன்றை மட்டும் இறக்கினார்கள் என்று கோலீன் கேள்விப்பட்டு வந்தாள். எந்தப் படம் என்று அவன் கேட்கவில்லை.

போய்விடலாமா என்று ஒரு குளிர்காலம் முழுக்கப் பேசினார்கள். கோலீனுக்குச் சம்மதம்தான். டூகலால் முடியவில்லை.

"இங்கேருந்து போனா, ஓடிப்போனவன்னு ஒண்ணு சேரும். அதையும் தூக்கிக்கிட்டு எங்க போறது?"

"அப்போ இங்கேயே கெட" என்றாள் கோலீன். ஆனால் தோட்டத்தில் அடுத்த வருடத்துக்கான பூண்டை நட்டாள்.

இரண்டு ஏப்ரல் போனது. மூன்றாவது ஏப்ரலில், ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், கடையில் வேலை இல்லாதபோது டூகல் தன் வண்டியின் போர்வையை எடுத்தான். அரைமணி நேரம் சும்மா எஞ்சினை ஓடவிட்டான். பிறகு ஏறி உட்கார்ந்து, சமவெளியின் நேர்ரோட்டில், கணவாய் இருக்கிற திசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பதினொரு கிலோமீட்டர் போனான். நாற்பதுக்கு மேல் போகவில்லை. ஆடு ஏற்றின லாரி ஹாரன் அடித்துத் தாண்டியது. பள்ளிப் பேருந்து தாண்டியது. பின்கண்ணாடியில் பிள்ளைகள் நத்தைபோலக் கையை வைத்துக் காட்டிச் சிரித்தன. காற்று ஊசியாகக் கழுத்துக்குள் இறங்கியது. அடுத்த ஊரில் ஒரு ரொட்டி வாங்கிக்கொண்டு திரும்பினான். பிடியை விட்டு எடுக்கும்போது இந்தத் தடவை விரல்கள் தானாகவே வந்தன.

அதன்பிறகு செவ்வாய்தோறும் போனான். அந்த ரோட்டில்தான் ரேவினின் பண்ணை வாசல். முதல் வாரம் அவள் வேலியருகே நாய்களோடு நின்றிருந்தாள். பார்த்தாள், கையைத் தூக்கவில்லை. அடுத்த வாரமும் அப்படித்தான். முகத்தையும் திருப்பவில்லை. நாலாவது வாரம், வானம் மூடி, நாலு மணிக்கே இருட்டுக் கட்டிவிட்ட ஒரு நாளில், வாசலைத் தாண்டியபின் விசில் சத்தம் கேட்டது. நாயைக் கூப்பிடுகிற விசில்தான், ஆனால் நாய்கள் அசையவில்லை. டூகல் வண்டியை ஓரம் கட்டினான்.

ரேவின் ரோட்டுக்கு வந்தாள். ஐந்தடி தள்ளி நின்றாள்.

"உன் பின்விளக்கு எரியல" என்றாள்.

"அப்படியா?"

"எரியல. லாரிக்காரன் ஏத்திட்டுப் போயிடுவான்."

"இன்னைக்கே போட்டுடறேன்."

அவள் தலையாட்டினாள். பிறகு திரும்பி நாய்களை அதட்டிக்கொண்டு நடந்தாள்.

அன்று சாயங்காலமே பல்பை மாற்றிவிட்டான். கெட்டில் கணவாயை டூகல் ரென்னி அதன்பிறகு தாண்டவே இல்லை. இன்றைக்கும் செவ்வாய்க்கிழமைகளில் அந்த நேர்ரோட்டில்தான் போகிறான், நாற்பதில்.